டிசம்பர் திருவனந்தபுரம் திரைப்பட விழா: மலையிலிருந்து யார் யார் இறங்குகிறீர்கள்?

கட்டபெட்டுக் கொழுந்து:

உறைபனி விழ ஆரம்பித்துவிட்டால் நீலகிரியில் எங்கள் பக்கம் தேயிலைக் கொழுந்து கருகிவிடும். பறிக்க ஆள் தேட வேண்டாம், இலை ஏற்ற வரும் லாரிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஆண்டு முழுவதிலும் எனக்கு விடுமுறை என்று இருப்பது அந்த இரண்டு மூன்று வாரம்தான். கேரள சர்வதேசத் திரைப்பட விழாவும் அப்போதுதான் வருகிறது. நான்கு முறை போய் வந்துவிட்டேன், இந்த முறையும் போகிறேன். "முன்பே சொல்லியிருந்தால் நானும் வந்திருப்பேனே" என்று சென்ற ஆண்டு மூன்று பேர் குறைப்பட்டுக்கொண்டார்கள். அதனால் இந்தக் குழுவில் புரட்டாசியிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் தேதி. 2022 முதல் 2025 வரை நான்கு ஆண்டும் விழா டிசம்பர் இரண்டாவது வெள்ளிக்கிழமை தொடங்கி அடுத்த வெள்ளிக்கிழமை முடிந்தது. எட்டு நாள். முறையான அறிவிப்பு வரட்டும் என்று ரயில் டிக்கெட்டைத் தள்ளிப்போடாதீர்கள். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்பு திறக்கிறது, ஐயப்ப சீசனில் அது திறந்த வேகத்தில் தீர்ந்தும் விடுகிறது. தேதி மாறினால் ரத்து செய்துகொள்ளலாம், படுக்கை வகுப்புக்கு 120 ரூபாய் பிடிப்பார்கள். அந்த 120 ரூபாயை நான் காப்பீடு என்று நினைத்துக்கொள்கிறேன்.

என்ன படம் வரும் என்று கேட்பீர்கள். பட்டியல் நவம்பரில்தான் முழுதாகத் தெரியும், ஆனால் ஊகிக்கலாம். பிப்ரவரியில் பெர்லின், மே மாதம் கான், ஆகஸ்டில் லொகார்னோ, செப்டம்பரில் வெனிஸ் ஆகிய வெளிநாட்டு விழாக்களில் பேசப்பட்ட படங்களில் பல 'உலக சினிமா' பிரிவுக்கு வந்து சேரும். கூட்டம் அவற்றின் பின்னால்தான் ஓடும். நான் ஓடுவதில்லை. கானில் பரிசு வாங்கிய படம் எப்படியும் ஒரு நாள் கைக்கு வந்துவிடும். போட்டிப் பிரிவு அப்படியல்ல. அதில் 14 படங்கள், எல்லாம் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவிலிருந்து மட்டும். பல இயக்குநர்களுக்கு அது முதல் படமாகவோ இரண்டாவது படமாகவோ இருக்கும். அங்கே விட்டால் விட்டதுதான். அந்தப் பதினான்கில் பாதியையாவது பார்ப்பது என்பது என் கணக்கு. மீதி நேரத்துக்கு 'இந்தியன் சினிமா நவ்' பிரிவின் 7 படங்களும் 'மலையாளம் சினிமா டுடே' பிரிவின் 12 படங்களும் இருக்கின்றன. மொத்தம் 170 படங்களுக்கு மேல் வரும். எல்லாவற்றையும் பார்க்க முயல்கிறவர்களை மூன்றாம் நாள் பார்த்தாலே தெரிந்துவிடும், கண் சிவந்து தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

யார் வருகிறீர்கள்?

குன்னூர் பஸ் நிலையம்:

மூன்று மாதம் பொறுத்தால் பாதிப் படங்கள் கைப்பேசியிலேயே வந்துவிடும். கம்பளி போர்த்திக்கொண்டு வீட்டிலேயே பார்ப்பதை விட்டுவிட்டு, மலை இறங்கி, ரயில் ஏறி, வெயிலில் வரிசையில் நின்று பார்க்க வேண்டுமா? தவறாக நினைக்க வேண்டாம், உண்மையாகவே கேட்கிறேன்.

கூடலூர் மழை:

குன்னூர்க்காரருக்குப் பிறகு பதில் சொல்லிக்கொள்ளலாம். முதலில் வழி. ஊட்டிக்காரர்கள் எங்கே போவதென்றாலும் கோவை, கோவை என்கிறீர்கள். எங்களுக்கு நாடுகாணி இறங்கினால் வழிக்கடவு, அங்கிருந்து நிலம்பூர். இரவு நிலம்பூரில் ராஜ்யராணி எக்ஸ்பிரஸ் ஏறிப் படுத்தால் விடிகாலை கொச்சுவேளி. இப்போது அந்த நிலையத்துக்குப் பெயர் திருவனந்தபுரம் வடக்கு. அங்கிருந்து பெரிய ரயில் நிலையமும் விழா அரங்குகளும் இருக்கும் தம்பானூருக்கு ஏழெட்டு கிலோமீட்டர்தான். பந்தலூர், தேவாலா, கூடலூர்க்காரர்கள் யாரும் கோவை வரை சுற்ற வேண்டியதில்லை. மழை வலுத்தால் நாடுகாணிச் சாலையை நம்பாமல் மதியமே இறங்கிவிடுங்கள்.

இன்னொரு செய்தி. 1996-இல் இந்த விழா முதன்முதலில் நடந்தது திருவனந்தபுரத்தில் அல்ல, கோழிக்கோட்டில். அப்படியே இருந்திருந்தால் நாங்கள் காலையில் போய் இரவு திரும்பியிருப்போம். 2021-இல் கொரோனாவால் நான்கு ஊர்களாகப் பிரித்து நடத்தினார்களே, அதில் பாலக்காடும் ஒன்று. மார்ச் முதல் வாரம். அதற்குத்தான் நான் முதன்முதலில் போனேன். முகக்கவசமும் ஒரு இருக்கை விட்டு ஒரு இருக்கையுமாகப் பார்த்த படங்கள் ஒன்றுகூட மறக்கவில்லை.

நாயுடுபுரத்துப் பேரிக்காய்:

கொடைக்கானலில் செவிலியாக இருக்கிறேன். இதுவரை எந்த விழாவுக்கும் போனதில்லை. நான்கு கேள்விகள். ஒன்று, எவ்வளவு செலவாகும்? இரண்டு, ஒரு படத்துக்கு மட்டும் டிக்கெட் வாங்க முடியுமா? மூன்று, ஒரு பெண் தனியாகப் போய்வர முடியுமா? நான்கு, கேட்கவே கூச்சமாக இருக்கிறது, ஆங்கிலத் துணைத்தலைப்பை வேகமாகப் படிக்க எனக்கு வராது. படம் புரியுமா?

கட்டபெட்டுக் கொழுந்து:

தங்கை, நான்காவதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கும் அதே பயம் இருந்தது. எங்கள் வீட்டில் படுகு, பள்ளியில் தமிழ், திரையின் கீழே ஆங்கிலம், பக்கத்து இருக்கையில் மலையாளம், திரையில் பேசுவது பாரசீகம். முதல் நாள் தலை சுற்றியது. இரண்டாம் நாள் ஒன்று கவனித்தேன்: வரியை முழுதாகப் படிக்க முயல்கிறவரைக்கும் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. பாதி வரியை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தால் மீதி தானாகப் புரிகிறது. பேச்சு அதிகமுள்ள நீதிமன்றக் கதைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அறிவிப்பில் இரண்டு வரிக் கதைச்சுருக்கம் போடுவார்கள், முந்தின இரவே அதைப் படித்துவிட்டுப் போனால் போதும்.

தனி டிக்கெட் கிடையாது. இந்தப் படங்கள் தணிக்கைச் சான்றிதழ் இல்லாமல், மத்திய அரசு தரும் விலக்கில் திரையிடப்படுகின்றன. அந்த விலக்கே பதிவு செய்தவர்களுக்குக் காட்டுவதற்காகத்தான். ஆகவே விழா முழுவதற்குமான அனுமதி அட்டையை, அதாவது டெலிகேட் பாஸை, எடுத்தே ஆக வேண்டும். 2024-இல் வரியோடு 1180 ரூபாய், மாணவர்களுக்கு 590. பதிவு நவம்பர் கடைசி வாரத்தில் விழாவின் இணையதளத்தில் திறந்தது. அடையாள அட்டையும் புகைப்படமும் கைப்பேசியிலேயே தயாராக வைத்திருங்கள். எங்கள் ஊரில் மழை நாளில் இணையம் போய்விடும், நான் கோத்தகிரி கடைவீதிக்குப் போய் நின்றுகொண்டு பதிவு செய்தேன்.

எட்டு நாளுக்கு 1180 என்றால் ஒரு படத்துக்கு என்ன ஆகிறது என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் பணம் போவது அறைக்குத்தான். தம்பானூரில் சாதாரண விடுதியில் இரண்டு பேராகப் பகிர்ந்துகொள்வது நல்லது. விழா நெருங்கினால் வாடகையும் ஏறும், அறையும் கிடைக்காது.

வெலிங்டன் அம்மா:

பேரிக்காய்க்கு மூன்றாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். எனக்கு 61 வயது, இரண்டு முறை தனியாகப் போயிருக்கிறேன். இரவுக் காட்சி முடிந்து பத்தரை, பதினொரு மணிக்கு வெளியே வந்தால் உங்களைப் போல நூறு பெண்கள் வெளியே வருவார்கள். கல்லூரிப் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் பேசிக்கொண்டே நடந்து போவார்கள், நானும் அவர்கள் பின்னாலேயே நடந்து போய்விடுவேன். விழா அட்டை கழுத்தில் தொங்கினால் அந்த எட்டு நாளும் ஊரே உங்களை விருந்தாளியாகப் பார்க்கும். கைரளி, ஸ்ரீ, நிளா மூன்று திரைகளும் ஒரே வளாகம், ரயில் நிலையத்திலிருந்து நடை தூரம். அறையை அந்தப் பக்கம் எடுங்கள். வழுதக்காடு பக்கம் தாகூர் தியேட்டரும் கலாபவனும் இருக்கின்றன, ஆட்டோவில் போய்விடலாம். ஒரு நாளில் இந்த இரண்டு பக்கத்துக்கும் மாறி மாறி ஓடாதீர்கள். காலையில் ஒரு பக்கம், மாலையில் ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டால் சாப்பிட நேரம் கிடைக்கும்.

சுவெட்டர் எடுத்துப் போகவும். சிரிக்க வேண்டாம். வெளியே வியர்த்துக் கொட்டும், உள்ளே குளிர்சாதனம் நம்முடைய ஜனவரியைப் போல இருக்கும். நான் ஊட்டியிலிருந்து போய்த் திருவனந்தபுரத்தில் சளி பிடித்துக்கொண்டு வந்தவள்.

நிசாகந்திக்குப் போனால் கொசுவுக்கு ஏதாவது தடவிக்கொள்ளுங்கள். கனகக்குன்னு வளாகத்தில் திறந்தவெளி அரங்கம் அது. மலையில் வாழ்கிறவர்களின் ரத்தம் அங்குள்ள கொசுக்களுக்கு அலாதி போலிருக்கிறது.

பழனி அடிவாரம்:

கொடைக்கானல் சகோதரிக்கு: மதுரை போய்ச் சுற்ற வேண்டாம். பழனி மலைச்சாலை வழியாக இறங்குங்கள், சுமார் 65 கிலோமீட்டர். பழனி ரயில் நிலையத்தில் மாலையில் அம்ரிதா எக்ஸ்பிரஸ் வரும். உடுமலை, பொள்ளாச்சி, பாலக்காடு வழியாகப் போய் விடியற்காலை திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறக்கிவிடும். ஐந்து மணிக்கு முன்பே இறங்கிவிடுவீர்கள் என்பதால் முன்கூட்டியே அறைக்காரரிடம் சொல்லி வையுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மலைச்சாலையில் மண் சரிவது உண்டு, அதனால் கடைசி பஸ்ஸை நம்ப வேண்டாம்.

குன்னூர் பஸ் நிலையம்:

என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கட்டபெட்டுக் கொழுந்து:

சொல்கிறேன். 2022 டிசம்பர், நிசாகந்தியில் தொடக்க விழா. 'சினிமாவின் ஆன்மா' விருது ஈரானிய இயக்குநர் மஹ்னாஸ் முகமதிக்கு. அவரால் நாட்டை விட்டு வர முடியவில்லை. வருவதற்குப் பதிலாகத் தன் தலைமுடியை வெட்டிக் கொடுத்தனுப்பியிருந்தார். ஈரானில் கட்டாயத் தலைத்துணியை எதிர்த்துப் பெண்கள் தெருவில் இறங்கிய ஆண்டு அது. கிரேக்க இயக்குநர் அதினா ரேச்சல் சங்காரி விருதைப் பெற்றுக்கொண்டு, அந்த முடிக் கற்றையை மேடையில் தூக்கிக் காட்டினார். நான் மிகவும் பின்னால், புல்தரையில் நின்றிருந்தேன். அவ்வளவு தூரத்தில் முடி கண்ணுக்குத் தெரியவில்லை, தூக்கிய கைதான் தெரிந்தது. முன்வரிசையில் ஆரம்பித்த கைதட்டல் எங்கள் பக்கம் வந்து சேர ஒரு நொடி ஆனது.

மறுநாள் தேநீர்க் கடையில் ஒரு ஆட்டோ ஓட்டுநர் அதைப் பற்றி என்னிடம் வாதம் செய்தார். முடியை அனுப்பியது சரியா, கடிதம் அனுப்பியிருக்க வேண்டுமா என்று! கைப்பேசியில் படம் வரும், ஐயா. இந்த ஆட்டோ ஓட்டுநர் வர மாட்டார்.

குன்னூர் பஸ் நிலையம்:

சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன். வரிசைக்கு மட்டும் இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

லவ்டேல் ஆசிரியர்:

எங்களுக்கு டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. விடைத்தாள் கட்டுகளை விட்டுவிட்டு எட்டு நாள் எப்படிப் போவது? சென்னை விழாவும் அதே வாரங்களில்தான் வருகிறது, அதனால் மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினாலும் இதே சிக்கல். கோவா விழா நவம்பர் 20-ஐ ஒட்டித் தொடங்குவது, தூரம் கட்டுப்படியாகாது. ஆசிரியர்கள் எல்லாம் சினிமா பார்க்கக் கூடாது என்று யாரோ முடிவு செய்துவிட்டதைப் போல இருக்கிறது.

கூடலூர் மழை:

ஆசிரியர் ஐயா, பெங்களூரு விழாவைப் பாருங்கள். அது ஆண்டின் முதல் மூன்று மாதங்களுக்குள் வருகிறது, 2025-இல் மார்ச் 1 முதல் 8 வரை நடந்தது. கூடலூரிலிருந்து மைசூரு வழியாக ஒரு பகல் பயணம். பந்திப்பூர் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டிகள் போக முடியாது என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் வெள்ளி இரவு கிளம்பித் திருவனந்தபுரத்தில் சனி, ஞாயிறு மட்டும். ஒரே பாஸ்தான், நாளுக்கு இவ்வளவு என்று பிரித்துத் தர மாட்டார்கள். இரண்டு நாளில் ஐந்து ஐந்தாகப் பத்துப் படம் பார்த்தால் ஈடாகிவிடும்.

வெலிங்டன் அம்மா:

ஒரு நாளைக்கு ஐந்தா? தம்பி, அது படம் பார்ப்பதல்ல, கொழுந்து நிறுப்பது. நான் மூன்றுக்கு மேல் போவதில்லை. நான்காவது படத்தில் வரும் அம்மாவும் இரண்டாவது படத்தில் வந்த அம்மாவும் எனக்குக் குழம்பிவிடுகிறார்கள்.

கூடலூர் மழை:

அம்மா, நீங்கள் ஓய்வு பெற்றவர். எட்டு நாளும் இருப்பீர்கள். எனக்கு இரண்டே நாள் விடுப்பு, ஒரே ஒரு தடவை. பசியோடு போகிறவனுக்கு அளவுச் சாப்பாடு போதாது. பாலக்காட்டில் காலை ஒன்பது மணிக்கு நுழைந்து இரவுதான் வெளியே வந்தேன். எதுவும் குழம்பவில்லை.

கட்டபெட்டுக் கொழுந்து:

இந்தச் சண்டையில் நான் அம்மா கட்சி, ஆனால் என் காரணம் வேறு. ஐந்து படம் என்று எழுதி வைத்துக்கொண்டால் ஒரு காட்சி தவறினாலும் மனம் கசந்துவிடும். தவறுவதற்கு இடம் விட்டுத் திட்டமிட வேண்டும். முதல் ஆண்டில் நிளாவில் ஒரு படத்துக்காக ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றேன். கதவருகே வந்த பிறகுதான் தெரிந்தது, அது பக்கத்திலிருந்த ஸ்ரீ திரைக்கான வரிசை. தப்பு என்னுடையதுதான், பலகையைப் படிக்கவில்லை. திரும்பிப் போக மனமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தேன். பெயர்கூடத் தெரியாத படம், அரங்கத்தில் பாதி காலி. இன்றுவரை அந்த நான்கு விழாக்களிலும் எனக்குப் பிடித்த மூன்று படங்களில் அது ஒன்று.

குன்னூர்க்காரருக்கு வரிசை பற்றி: மறுநாள் காட்சிகளுக்கு முந்தின நாள் காலை 8 மணிக்கு இணையத்தில் முன்பதிவு திறக்கும். புகழ்பெற்ற படங்கள் சில நிமிடங்களில் நிறைந்துவிடும். 7.55-க்கே உள்ளே நுழைந்து, பார்க்க வேண்டிய படத்தின் பெயரையும் திரையையும் ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். கிடைக்காவிட்டால் முன்பதிவு இல்லாதவர்களுக்கான வரிசை இருக்கிறது. பதிவு செய்தவர்கள் எல்லோரும் வந்துவிடுவதில்லை. முக்கால் மணி நேரம் முன்னால் போய் நின்றால் பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும். எனக்கு இரண்டு முறைதான் கிடைக்கவில்லை.

இந்துநகர் பழையவன்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். நான் ஊட்டியில் படச்சுருள் செய்த அரசு ஆலையான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் வேலை பார்த்தவன். 1967-இல் உற்பத்தி தொடங்கியபோது என் தகப்பனார் சேர்ந்தார், பின்னால் நான். கறுப்பு வெள்ளைப் படச்சுருள் முழு இருட்டில்தான் வெட்டுவோம். 35 மில்லிமீட்டர் சுருளில் ஒரு படச்சட்டத்துக்கு இரு ஓரமும் நான்கு நான்கு துளை, விரலால் தடவியே எண்ணிவிடுவோம். படம் பதியும் மருந்து பூசிய பக்கம் எது என்று தெரியாவிட்டால் ஈர உதட்டில் ஓரத்தை வைத்துப் பார்ப்போம். ஒட்டினால் அதுதான் மருந்துப் பக்கம். என் வாயில் இன்னும் அந்தச் சுவை இருப்பதாக மனைவி கேலி செய்வாள்.

படம் செய்யும் பொருளை முப்பது ஆண்டு தொட்டேன், விழா ஒன்றுக்குக்கூடப் போனதில்லை. அங்கே இப்போதும் படச்சுருள் பெட்டி வருமா? ஆயிரம் அடிக்குப் பதினொரு நிமிடம் என்று எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு.

இன்னொன்று: 'சுவர்ண சகோரம்' என்று இந்த விழாவின் பரிசுக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே, சகோரம் என்றால் நிலவைக் குடிக்கும் பறவை அல்லவா?

கட்டபெட்டுக் கொழுந்து:

ஐயா, வணக்கம். படச்சுருள் பெட்டி இப்போது அரிது. வன்தட்டில் வருகிறது. அதைத் திறக்க ஒரு மின்னணுச் சாவி தருவார்கள். இந்த அரங்கத்தில், இந்த நேரத்துக்குள் என்று சாவிக்குக் கெடு உண்டு. ஒரு முறை சாவி ஒத்துவராமல் அரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். உங்களுக்கு அது பழகிய இருட்டாக இருந்திருக்கும்.

சகோரம் நீங்கள் சொல்லும் பறவைதான், ஆனால் மலையாளத்தில் அது செம்போத்துக்கும் பெயர். பரிசுச் சின்னமும் செம்போத்துதான். எங்கள் தேயிலைப் புதருக்குள் 'ஊப் ஊப்' என்று கத்திக்கொண்டு ஓணான் பிடித்துத் தின்னுமே, அதே பறவை. சிறந்த படத்துக்குத் தங்கச் செம்போத்து, சிறந்த இயக்குநருக்கு வெள்ளி. நாமும் ஓட்டுப் போடலாம், போட்டிப் பிரிவில் பார்வையாளர் விருது என்று ஒன்று தனியாக இருக்கிறது.

இந்துநகர் பழையவன்:

செம்போத்தா! எங்கள் சுருள் பெட்டியில் அச்சடித்த 'இந்து' என்ற பெயருக்கும் நிலவு என்றுதான் பொருள். எப்படியோ நிலவு என்னை விடவில்லை. 74 வயதில் வரிசையில் நிற்க முடியுமா?

வெலிங்டன் அம்மா:

நிற்க வேண்டாம் அண்ணா. முன்பதிவை நாங்கள் செய்து தருகிறோம். காலைக் காட்சிக்குக் கூட்டமும் குறைவு. நானும் இந்த முறை வருகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோவை வழியாக இருவர் இருந்தால் எனக்கும் துணை.

லவ்டேல் ஆசிரியர்:

என் மகளுக்கு 17 வயது, சினிமா படிக்க வேண்டும் என்கிறாள். அவளை மட்டுமாவது அனுப்ப முடியுமா?

கட்டபெட்டுக் கொழுந்து:

18 நிறைந்திருக்க வேண்டும், ஐயா. தணிக்கை இல்லாத படங்கள் என்பதால் இந்த விதி. அடுத்த ஆண்டு மாணவர் கட்டணத்தில் அனுப்புங்கள். உங்கள் விடைத்தாள் கட்டை அவள் தலையில் கட்டிவிடாமல் இருந்தால் போதும்.

நாயுடுபுரத்துப் பேரிக்காய்:

இரவுப் பணியை மாற்றிக்கொள்ளத் தோழி ஒப்புக்கொண்டாள். பதிலுக்குக் கிறிஸ்துமஸ் இரவு நான் பார்க்க வேண்டும், பரவாயில்லை. மூன்று நாள் கிடைத்திருக்கிறது. பழனியிலிருந்து மாலை ரயில், விடியற்காலை இறங்குவேன். அம்மா, உங்கள் அறையில் எனக்கு இடம் இருக்குமா?

வெலிங்டன் அம்மா:

இருக்கிறது. சுவெட்டரை மறக்காதே.

குன்னூர் பஸ் நிலையம்:

கோவையிலிருந்து எந்த நாள் ரயில் எடுக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். சும்மா விலை பார்க்கத்தான் கேட்கிறேன்.

கட்டபெட்டுக் கொழுந்து:

வியாழன் இரவு, குன்னூர்க்காரரே. உங்களுக்கும் சேர்த்து நான்கு படுக்கை எடுக்கிறேன், பெரியவருக்குக் கீழ்ப் படுக்கை. நிலம்பூர் வழியாக வருகிறவர்கள் கூடலூர் மழையிடம் பேசிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை காலை பாஸ் வாங்கிக்கொண்டு, பதினொரு மணிக்குக் கைரளி வாசல் படியில் இருப்பேன். ஐயா, வீட்டில் பழைய சுருள் துண்டு ஏதாவது மிச்சம் இருந்தால் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். அந்தப் படியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் அதைக் கையால் தொட்டிருக்க மாட்டார்கள்.

இந்துநகர் பழையவன்:

பீரோவில் ஒரு முழம் இருக்கிறது. கொண்டுவருகிறேன். உதட்டில் வைத்துப் பார்க்கவும் சொல்லித் தருகிறேன்.